விட்டது எங்கே போகும்

ஜூலை 19, வெள்ளி

ஈஸ்வரியம்மாவுக்கு,

உங்கள் மகள் என் வீட்டு மாடியில் இருந்த இரண்டு மாதங்களில் என்ன நடந்தது என்று கேட்டிருந்தீர்கள். வாயால் சொன்னால் குழறிவிடுவேன். நான் முப்பத்து நான்கு வருடம் அரசுக் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் பயிற்றுநராக இருந்தவன். அன்றன்று பார்த்ததை அன்றன்றே எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. ஆகவே என் நாட்குறிப்பிலிருந்து தர்ஷினி சம்பந்தப்பட்டவற்றைப் பிரதி எடுத்துத் தருகிறேன். தேவையற்ற சில இடங்களைச் சுருக்கியிருக்கிறேன். இதில் வருபவை:

1. தர்ஷினி குடிவந்ததும், அவள் வாரத்துக்கு ஒரு புதுமை செய்து பார்த்ததும்.
2. தன்னிடம் இருந்தவற்றை அவள் ஒவ்வொன்றாக விடத் தொடங்கியது.
3. அவள் விட்ட வாரங்களில் என் உடம்பில் நான் கண்ட மாற்றங்கள். இவை தற்செயலாக இருக்கலாம்.
4. நான் அவளிடம் எதையும் கேட்டு வாங்கவில்லை என்பது.
5. ஜூலை 14 அன்று, நீங்கள் வந்து அவளை அழைத்துப்போவதற்கு முன் நடந்தது.

இவற்றில் எது காரணம், எது விளைவு என்று சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்பது சந்தேகமே.

சென்னியப்பன், வடவள்ளி


மே 12, ஞாயிறு

மாடி அறைக்கு ஆள் வந்துவிட்டது. பெயர் தர்ஷினி, வயது இருபத்து மூன்று, ஊர் தாராபுரம் பக்கம். லாலி ரோட்டில் ஒரு டிசைன் ஆபீசில் வேலை. ஒரு பை, ஒரு பக்கெட், சுருட்டிய மெத்தை. அவ்வளவுதான் சாமான். முழங்கால் வலியால் ஆறு வருடமாக நான் அந்த மாடிக்கு ஏறியதில்லை. காலையில் வந்து சமைத்து வீடு கூட்டிவிட்டுப் போகும் மாராத்தாளிடம் சாவியைக் கொடுத்தனுப்பினேன். அவள் இறங்கி வந்து சொன்னாள்:

"ஏனுங்க ஐயா, பொட்டி ஒண்ணுங்கூடக் காணோம். சாமியாரிணி யாரையாச்சும் குடி வெச்சுட்டீங்களா?"

மே 19, ஞாயிறு

அந்தப் பெண் ஆபீசுக்கு நடந்தே போய் வருகிறாள். போக ஐந்தாறு கிலோமீட்டர், வரவும் அதே. பஸ் நிறுத்தத்தில் ஏதேனும் சிக்கலா என்று கேட்டேன்.

"இல்லீங்க ஐயா. ஒரு வருசம் எவ்வளவு கம்மியா வெச்சுட்டு வாழ முடியும்னு பாக்கறேங்க. வாரத்துக்கு ஒண்ணு புதுசா செய்யறது. இந்த வாரம் நடை."

"போன வாரம்?"

"போன வாரம் உங்க வீட்டுக்குக் குடிவந்தேனுங்களே!"

சிரித்துக்கொண்டே படியேறினாள். இரண்டிரண்டு படியாகத் தாண்டுகிறாள். அந்தச் சத்தம் எனக்கு இடது காதில் மட்டும் கேட்கிறது. வலது காது போய் நாலு வருடம் ஆகிறது.

மே 27, திங்கள்

இந்த வாரம் பூந்திக்கொட்டையை ஊறவைத்துத் துணி துவைக்கிறாள். பொடக்காலி முழுக்க நுரை. வீட்டின் பின்பக்கம் அவ்வளவு கலகலப்பாக இருந்து நான் பார்த்து வெகுகாலம் ஆயிற்று. மாராத்தாள் மட்டும், "சோப்பு வாங்க வக்கில்லாத வேலையெல்லாம் படிச்சவீங்கதான் பண்ணுவாங்க" என்றாள்.

ஜூன் 2, ஞாயிறு

மாராத்தாள் வீட்டிலிருந்து கத்தரிக்காய்க் கடைசல் கொண்டுவந்து தர்ஷினிக்குக் கொடுத்தாள். அந்தப் பெண் எனக்கும் ஒரு கரண்டி வைக்க வந்தாள்.

"ஐயா தொட மாட்டாரு கண்ணு. காசியில விட்டுட்டு வந்துட்டாரு."

"விட்டுட்டுன்னா?"

விளக்கினேன். காசிக்குப் போகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒன்றைக் கங்கையில் நின்று, ஒருவர் பார்க்க, விட்டுவிட வேண்டும். பிறகு ஆயுசுக்கும் தொடக்கூடாது. நானும் என் மனைவி சம்பூர்ணமும் தொண்ணூற்றெட்டில் போய் வந்தோம்.

தர்ஷினி கரண்டியைக் கையில் பிடித்தபடியே யோசித்தாள். "சரிங்க. விட்டது எங்கீங்க போகும்?"

இருபத்தாறு வருடத்தில் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. பாடம் சொல்லும் பழக்கத்தில், "எதுவும் அழியாது அம்மிணி. இடந்தான் மாறும்" என்றேன்.

"ஆமா, காசியில ஒருத்தன் இப்ப ரெண்டு பங்கு கத்திரிக்கா திங்கறான்" என்றாள் மாராத்தாள்.

எல்லோரும் சிரித்தோம். தர்ஷினி மட்டும் சிரித்து முடித்த பிறகும் போகவில்லை. "புதுசா எது செய்யோணும்னாலும் எதையாச்சும் வாங்க வேண்டியிருக்குதுங்க. ஒண்ண விடறதுக்கு மட்டும் எதுவுமே வேண்டாம். இல்லீங்களா?" என்று கேட்டாள்.

ஜூன் 9, ஞாயிறு

காற்றும் தூறலும். காலையில் பொடக்காலிக் குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்தது. நான் குடங்களை நிறைத்துக்கொண்டிருந்தபோது தர்ஷினி வந்து கையை நீட்டினாள்.

"நீங்க பாத்துட்டு நில்லுங்க ஐயா. ஆளு பாக்கோணும்னு சொன்னீங்கல்ல." உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து, "இனிப்பை விட்டேன்" என்று சொல்லி விரல்களைத் தாழ்த்தினாள். தண்ணீர் கல்லில் விழுந்து என் செருப்பைத் தொட்டுக்கொண்டு ஓடியது. விளையாட்டுத்தான்.

ஜூன் 10, திங்கள்

ராகிக் கூழ் இனித்தது.

ஜூன் 12, புதன்

இரண்டு வருடத்துக்கு முன் வந்த காய்ச்சலோடு என் நாக்கு மரத்துப்போனது. சீனிக்கும் சுண்ணாம்புக்கும் வித்தியாசம் தெரியாது. ஆகவே இன்று சோதனை செய்தேன். மூன்று தம்ளர் தண்ணீர், ஒன்றில் மட்டும் சர்க்கரை. மாராத்தாள் இடம் மாற்றி மாற்றி வைத்தாள். ஏழு தடவையும் சரியாகச் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்து நான் ஊகித்திருக்கலாம். பிழைக்கு இடம் உண்டு.

மாராத்தாள் கோயில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்திருந்தாள். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்று தர்ஷினியின் வாயில் ஒரு விள்ளல் திணித்தாள். அந்தப் பெண் மென்றுவிட்டு, "என்னக்கா இது, மண்ணு மாதிரி இருக்குது" என்றாள். மாராத்தாளுக்குக் கோபம்.

ஜூன் 16, ஞாயிறு

தர்ஷினி மெத்தையையும் தலையணையையும் விட்டாள். அதே குழாய், அதே வார்த்தை. மெத்தையை மாராத்தாளுக்குக் கொடுத்துவிட்டாள்.

ஜூன் 17, திங்கள்

ஒன்பது மணிக்குப் படுத்தேன், ஐந்துக்கு எழுந்தேன். நடுவில் ஒரு தடவைகூட விழிக்கவில்லை. சம்பூர்ணம் போன பிறகு இப்படித் தூங்கியதில்லை. மெத்தை மாராத்தாள் வீட்டுக்குப் போயிற்று, தூக்கம் என் வீட்டுக்கு வந்தது. (அழகுக்காக எழுதிய வாக்கியம். அடித்துவிடலாம்.)

ஜூன் 21, வெள்ளி

தர்ஷினியின் கண்ணுக்கடியில் கரி பூசியது போல இருக்கிறது. தரையில் படுத்தால் முதலில் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும் என்றாள்.

ஜூன் 23, ஞாயிறு

பாட்டுக் கேட்பதை விட்டாள். காதில் செருகும் அந்தக் கருவியை ஆபீசில் யாருக்கோ கொடுத்துவிட்டாளாம்.

ஜூன் 25, செவ்வாய்

தண்ணீர்த் தொட்டிக்குள் சொட்டு விழும் சத்தம். வேப்பமரத்தில் அணில். எதிர்வீட்டுக்காரர் தன் மனைவியைத் திட்டும் வார்த்தைகள், ஒவ்வொன்றும். எல்லாம் வலது காதில். இடது காதில் பஞ்சை அடைத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

மாராத்தாள் மாடிப்படியடியில் நின்று மூன்று தடவை கூப்பிட்டாள். தர்ஷினி திரும்பவில்லை. "ஏனம்மிணி, காதுல என்ன அடைச்சிருக்குது?" என்று தோளைத் தொட்ட பிறகுதான் பார்த்தாள்.

ஜூன் 27, வியாழன்

ஆபீசிலிருந்து வந்தவள் நேராக என்னிடம் வந்தாள். முகத்தில் ஒரே சந்தோஷம்.

"கண்டுபிடிச்சுட்டேனுங்க ஐயா!"

"என்ன அம்மிணி?"

"விட்டது எங்க போகுதுன்னு." என்னையே கைகாட்டினாள். "கூழு இனிக்குதுன்னு அக்காகிட்டச் சொன்னீங்கல்ல. தூக்கம். இப்பக் காது. நான் இந்தப் பக்கம் நின்னு மெதுவாத்தான் பேசறேன், பாருங்க, கேட்டுட்டீங்க."

அவள் என் வலப்பக்கம்தான் நின்றிருந்தாள். தற்செயல், மூன்று உற்றுநோக்கல்களை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்றேன். அவள் காது சரியாகக் கேளாமல் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "எனக்கு வெசனமே அதுதானுங்க. சும்மா விட்டா வீணாப் போயிருமோன்னு. வீணாப் போகலைங்க."

வீணாக்கக்கூடாது என்பதில் அந்தப் பெண்ணுக்கு அப்படியொரு பிடிவாதம்.

ஜூன் 30, ஞாயிறு

தண்ணீர் வந்தது. குடங்களை நிறைத்தேன். தர்ஷினியுடன் அதிகம் பேசவில்லை.

ஜூலை 1, திங்கள்

எழுந்து பின்கட்டுக்குப் போய்த் திரும்பி வந்த பிறகுதான் நினைவு வந்தது, சுவரைப் பிடிக்கவில்லை. முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தேன். எண்ணெய் போட்ட கீல் போல மடங்குகிறது. கைத்தடியை அலமாரிக்குப் பின்னால் வைத்தேன். மாராத்தாள் கண்ணில் பட வேண்டாம் என்று நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை.

ஜூலை 4, வியாழன்

மாடிக்கு ஏறினேன். ஆறு வருடத்துக்குப் பிறகு. கடைசி நாலு படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினேன் என்பதை வெட்கத்துடன் எழுதுகிறேன்.

கதவு திறந்திருந்தது. தர்ஷினி ஆபீசுக்குப் போகவில்லை. சுவரில் சாய்ந்து வெறும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கைதட்டினாள். "மேல வந்துட்டீங்க! வந்துட்டீங்க!"

"உனக்கு என்ன அம்மிணி உடம்புக்கு?"

"கால்தான் கொஞ்சம் கனமா இருக்குதுங்க. மணல் கட்டி வெச்ச மாதிரி. சரியாயிருமுங்க."

அறையில் ஒன்றுமே இல்லை. ஒரு சொம்பு, மடித்த இரண்டு உடை, சுவரில் ஒட்டிய தாள். தாளில் மூன்று கட்டம் போட்டிருந்தாள்: வாரம், விட்டது, போய்ச் சேர்ந்த இடம். மூன்றாம் கட்டத்தில் வரிசையாக 'ஐயா', 'ஐயா', 'ஐயா' என்று இருந்தது. கடைசி வரி காற்றில் மடங்கியிருந்தது. நான் விரித்துப் படிக்கவில்லை.

மாடியிலிருந்து மருதமலை நன்றாகத் தெரிகிறது. அறையில் உட்கார்ந்திருந்த பெண்ணைவிட அதிக நேரம் அந்த மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

குழாயில் தண்ணீர் வரவில்லை. எங்கோ குழாய் உடைப்பாம். ஆகவே அவள் எதையும் விடவில்லை.

மருதமலைக்குப் படிவழியாகவே ஏறினேன். எங்கும் உட்காரவில்லை. உச்சியில் நின்றபோது மட்டும் மார்பு பிசைந்தது.

ஜூலை 9, செவ்வாய்

மாராத்தாள் சாப்பாட்டை வைக்காமல் எதிரில் நின்றாள்.

"ஐயா, உங்க கைத்தடிய அலமாரிக்குப் பின்னாடி பாத்தேன்."

"தேவைப்படல."

"நீங்க மல ஏறறீங்க. அந்தப் புள்ள ஒக்காந்து ஒக்காந்து படி எறங்குது, கொழந்தையாட்ட. எனக்குப் படிப்பில்லீங்க. கண்ணு இருக்குது."

டாக்டரிடம் காட்டியிருக்கிறாள், எலும்பில் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறார் என்றேன்.

"எலும்புல இருந்தா அவரு கண்டுபிடிச்சிருவாரே" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் போட்டாள். அரிசிம்பருப்பு சாதம். மிகச் சுவையாக இருந்தது.

பிற்பகல் முழுவதும் சம்பூர்ணத்தின் நினைவு. காசியில் நான் கத்தரிக்காயை விட்டுக் கரையேறிய பிறகும் அவள் வெகுநேரம் தண்ணீரில் நின்றாள். எதை விட்டாய் என்று கேட்டதற்குக் கடைசிவரை சொல்லவில்லை. அந்தக் குளிர்காலத்தில் எனக்கு இருபது வருட ஆஸ்துமா நின்றது. அவளுக்கு இருமல் தொடங்கியது. அது தற்செயல் என்று அன்று எழுதிவைத்திருக்கிறேன். பழைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அதே சொல்தான்.

ஜூலை 11, வியாழன்

மார்புப் பிசைவுக்காக ஸ்கேன் எடுத்தேன். இதயம் சுருங்கி விரியும் பலம் பாதியளவுக்கும் கீழே இருக்கிறதாம். ஏறாதீர்கள், எடை தூக்காதீர்கள், ஆறு மாதத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டர். ஆறு மாதம் என்று சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி

தொட்டியிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு பொடக்காலியில் தனியாக நின்றேன். "முழங்காலை விட்டேன்" என்று சொல்லி ஊற்றினேன். காதையும் சொன்னேன். தூக்கத்தையும் சொன்னேன். யாரும் பார்க்கவில்லை.

முழங்காலைத் தட்டிப் பார்த்தேன். வலி இல்லை. திருப்பித் தர முயன்றாயிற்று, ஆகவில்லை. ஏமாற்றமாக இருந்தது என்று எழுதுவதுதான் முறை. நிம்மதியாக இருந்தது.

ஜூலை 14, ஞாயிறு

காலையில் தண்ணீர் வந்தது. தர்ஷினி படியிறங்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து, இரண்டு கையாலும் காலைத் தூக்கி அடுத்த படியில் வைத்து இறங்கினாள். பாதிப் படியோடு நின்றுவிட்டாள். அதற்கு மேல் முடியவில்லை. அங்கிருந்தே கையை நீட்டினாள்.

"அக்கா, ஒரு செம்புத் தண்ணி கொண்டாங்க." பிறகு என்னைப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது, ஆனாலும் சிரித்தாள். "இந்த வாரம் என்னங்க ஐயா?"

மாராத்தாள் செம்புடன் நின்றாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. என்னிடம் இல்லாதது என்ன என்பது எனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லத் திறந்தேன் என்று நினைவில்லை.

மாராத்தாள் என் முகத்தைப் பார்த்தாள். செம்பைக் கல்லின்மேல் ஓங்கிப் போட்டாள். குழாயைத் திருகி மூடினாள்.

"போதுமுங்க."

பிறகு மேலே திரும்பி, "கண்ணு, உங்கம்மா நம்பரச் சொல்லு. காது கேக்குதா? உங்கம்மா நம்பர்!" என்று கத்தினாள். தர்ஷினி அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு சொன்னாள்.

பிற்பகல் மூன்று மணிக்கு நீங்கள் வந்தீர்கள். டிரைவர் அவளைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் உட்காரவைத்தார். அவள் கண்ணாடியை இறக்கி, "ஐயா, நடந்துட்டே இருங்க. வீணாக்கிராதீங்க" என்றாள்.


ஜூலை 20, சனி

பிரதி எடுத்து முடித்தேன். உறையில் போட்டு முகவரி எழுதினேன். மாராத்தாள் கூட்டிக்கொண்டே கேட்டாள்: "என்னங்க எழுதிக் குடுக்கறீங்க?"

"நடந்ததை."

"முப்பதாந்தேதி நடந்ததையுங்களா?"

அன்று அவள் சமையற்கட்டு ஜன்னலில் நின்றிருக்கிறாள். எனக்குத் தெரியாது. மறுபடியும் உறையைப் பிரித்தேன்.

ஜூன் 30 என்று மேலே இருப்பது நான் இந்தப் பிரதிக்காகச் சுருக்கியது. என் நாட்குறிப்பில் இருப்பது இது:

"தண்ணீர் வந்தது. தர்ஷினி வந்து, 'இன்னிக்கு என்ன விடறதுன்னு நீங்களே சொல்லுங்க ஐயா. உங்களுக்கு எது வேணுமோ அதையே விடறேன், கணக்காப் போய்ச் சேரும்' என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சீப்பை விடு, கண்ணாடியை விடு என்று சொல்லியிருக்கலாம். படிக்கட்டைப் பார்த்தேன். 'முழங்கால்' என்றேன். 'அவ்வளவுதானுங்களா?' என்று சிரித்து, தண்ணீரைப் பிடித்து, 'கால் பலத்தை விட்டேன்' என்றாள். தண்ணீர் கல்லில் வேறு பக்கமாக ஓடியது. செருப்பைக் கழற்றிவிட்டு, என் காலை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தேன்."

முன்னே வந்தவை தானாக வந்தவை. அவற்றைப் பற்றி நான் இன்னும் வாதாடலாம். இதைப் பற்றி முடியாது. பதினான்காம் தேதி வாயைத் திறந்தபோது என்ன சொல்ல இருந்தேன் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. அதை எழுதக் கை வரவில்லை. மாராத்தாளைக் கேளுங்கள், அவளுக்குத் தெரியும்.

தனியாக நின்று ஊற்றியது ஏன் பலிக்கவில்லை என்று எட்டு நாளாக யோசித்தேன். பார்க்க ஆள் இல்லை, அது ஒன்று. அதைவிட, நான் விட விரும்பவில்லை.

இதைத் தபாலில் அனுப்பப்போவதில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் தாராபுரம் வருகிறேன். மாராத்தாளும் கூட வருகிறாள். "பாக்கறதுக்கு நான் இருக்கறேன், நீங்க வாயில கொழுக்கட்டைய வெச்சுட்டு நிக்காம இருந்தாச் சரி" என்கிறாள். இரண்டு பாட்டில் சிறுவாணித் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுக் கல்லின்மேல் நின்று, உங்கள் மகளின் காலடிக்கு ஓடும்படி ஊற்றுவேன். காலை முதலில். பிறகு காது. பிறகு மற்றவை. அதன்பின் என்னால் படியிறங்க முடியாமல் போனால் தயவுசெய்து உங்கள் டிரைவரைக் கூப்பிடுங்கள். பஸ் நிலையத்திலிருந்து உங்கள் வீடு வரை இந்தக் கால்களாலேயே நடந்து வந்துவிடுவேன். வழியில் எங்கும் திரும்பிவிடாதபடி மாராத்தாள் பார்த்துக்கொள்வாள்.

இந்தக் காகிதத்தை நான் உங்கள் கையில் கொடுக்கும்போது, கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள் அம்மா. முதல் பக்கத்தில் நான்காவதாக நான் எழுதியிருப்பது தவறு. கேட்டுத்தான் வாங்கினேன்.